இலவு காத்த கிளியும் ஹோட்டல் மெத்தையும்

உழவர் இதழில் மெத்தையைப் பற்றி என்ன எழுத வேண்டிக் கிடக்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மண், விதை, மாட்டுச்சாணம் என்று பேசிக்கொண்டிருக்கிற ஆள், ஒரு மெத்தைக்காக மூணு மாசம் அலைந்து, கடைசியில் அதற்கான பொருள் என் வேலியோரத்திலேயே நிற்கிறது என்று கண்டுகொண்ட கதை இது. கல்யாணம், சீர் என்று மெத்தை வாங்கப் போகிற உழவர் வீடுகளுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எனக்குக் கொஞ்சம் தென்னையும் மாவும் உண்டு. வேலியோரம் 14 இலவ மரங்கள், அப்பா காலத்தில் வைத்தது. போன தை மாசம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மதுரை போனோம். ஒரு ஹோட்டலில் ரூம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் என் மகள் சொன்னது, "அப்பா, இந்த மாதிரி மெத்தையில நான் படுத்ததே இல்ல." அவளுக்கு வைகாசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். கட்டிலும் மெத்தையும் நம்ம சீர். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். "ஏங்க, புள்ளை ஆசைப்பட்டுக் கேக்குது. அதே மாதிரி ஒண்ணு வாங்கிருவோமே."

ஊருக்கு வந்து கடையில் விசாரித்தேன். ஐந்துக்கு ஆறரை அடி மெத்தை, 'ஹோட்டல் கம்பர்ட்' என்று பெயர், விலை 28,500 ரூபாய். அதே வாரம் மர வியாபாரி ஒருவர் தோப்புக்கு வந்தார். "அண்ணாச்சி, இந்த இலவ மரம் 14ம் சும்மாதான நிக்கி. 30,000 தாரேன், வெட்டிக்கிறேன்" என்றார். இலவ மரம் மெதுவான மரம். தீப்பெட்டிக்கும் பெட்டி அடிக்கவும் போகும். கணக்கு கச்சிதமாக வந்தது. மரத்தைக் கொடுத்தால் மெத்தை வந்துவிடும், கையிலும் 1,500 மிஞ்சும். சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "பங்குனியில காய் எடுத்துட்டுச் சொல்றேன்" என்று எதற்கோ வாயில் வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையில்தான் மரம் தப்பித்தது.

ஹோட்டல் மெத்தைக்குள்ளே என்ன இருக்கிறது?

முதலில் அந்தச் சுகம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஹோட்டலில் ஒரே மெத்தையில் இன்றைக்கு 50 கிலோ ஆள் படுப்பார், நாளைக்கு 100 கிலோ ஆள் படுப்பார். இரண்டு பேருக்கும் ஒத்துவர வேண்டும். அதனால் அடியில் கெட்டியான ஒரு தளம், மேலே மெதுவான ஒரு அடுக்கு என்று செய்கிறார்கள். அடித்தளம் பெரும்பாலும் ஸ்பிரிங். ஸ்பிரிங்குகளை ஒன்றோடொன்று பின்னியிருந்தால் அது போனல் ஸ்பிரிங். ஒருவர் புரண்டால் பக்கத்தில் படுத்தவருக்கும் ஆடும். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தனித்தனித் துணிப்பையில் போட்டிருந்தால் பாக்கெட் ஸ்பிரிங். ஆட்டம் குறைவு, விலை கூடுதல். அதன் மேல் போம் அடுக்கு. அதற்கும் மேல் 'டாப்பர்' என்று ஒரு தடித்த விரிப்பு. அப்புறம் இழுத்துச் செருகிய வெள்ளைப் பருத்தி விரிப்பு, குளிர்சாதனம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நாம் சுகம் என்று நினைப்பதில் பாதி அந்த மேல் அடுக்கும், சுருக்கமில்லாத சுத்தமான பருத்தித் துணியும், குளிர்ந்த அறையும்தான். அதே மெத்தையைச் சித்திரை மாசம் மின்விசிறி மட்டும் ஓடுகிற நம் வீட்டு மச்சில் போட்டால் வேறு மாதிரி இருக்கும்.

காரணம் போம். பாலியூரித்தேன் போம் என்பது கச்சா எண்ணெயிலிருந்து வருகிற வேதிப்பொருள்களால் ஆனது. மெமரி போம் என்று சொல்வதும் அதில் ஒரு வகைதான். 1966இல் நாசாவுக்காக, விமான இருக்கையில் அடிபடாமல் இருப்பதற்கு உருவாக்கினார்கள். உடம்புச் சூட்டில் இளகி உடம்பின் வடிவத்துக்கு அமுங்கும். அந்தச் சூட்டைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். குளிர் நாட்டுக்காரருக்கு அது இதம். நமக்கு முதுகு நனைந்துவிடும். அது தேய்ந்துபோன பிறகு மக்காது. எரித்தால் நச்சுப் புகை. நம் ஊர்க் கண்மாய்க் கரையில் கிடக்கிற கிழிந்த போம் மெத்தைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நாலு வருசத்துக்கு முன் ஒரு கடையில் நானே ஒரு மெத்தை வாங்கினேன். கெட்டியாக இருக்கிறது, முதுகுக்கு நல்லது என்றார்கள். இரண்டே வருசத்தில் நடுவில் குழி விழுந்துவிட்டது. உறையைப் பிரித்துப் பார்த்தால் கலர் கலராகத் துண்டு போம்களை ஒட்டி அழுத்திய பாளம். இதற்கு 'ரீபாண்டட்' போம் என்று பெயர். தொழிற்சாலையில் வெட்டி மிஞ்சுகிற துண்டுகளைப் பசை போட்டு அழுத்திச் செய்வது. அதிலும் நல்ல அடர்த்தியில் செய்தது நாள்பட உழைக்கும். என்ன அடர்த்தி என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வேலியோரம் நின்ற மெத்தை

மாசி மாசம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கல்யாண வேலையாகப் போனபோது, மெத்தை தைக்கிற பாய் ஒருவரைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "உங்க தோப்பு இலவம்பஞ்சை வியாபாரி வாங்கிட்டுப் போய் எங்களுக்கு விக்கிறாரு. நீங்க மரத்தையே வெட்டி வித்து போம் வாங்கப் போறீங்களாக்கும்!" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இலவம்பஞ்சுக்கு என்ன தனிச்சிறப்பு? அதன் இழை உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம் கொண்டது. உள்ளே முழுக்கக் காற்று. வெளியே மெல்லிய மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீர் ஒட்டாது, எடை மிகக் குறைவு, சூட்டைப் பிடித்து வைக்காது. அந்தக் காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு மிதவை உடைகளில் இதைத்தான் அடைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜாவாத் தீவை ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு நின்றுபோனது. அதற்கு மாற்றாக அங்கே பள்ளிப் பிள்ளைகளை விட்டு, நம்ம எருக்கஞ்செடி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பஞ்சைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். அவ்வளவு மதிப்பான பொருள் இது.

இன்னொரு பக்கம், இழை குட்டையாக, வழுவழுப்பாக, எளிதில் முறிவதாக இருப்பதால் இதைத் தனியாக நூற்பது கடினம். ராஜபாளையம் பஞ்சாலை ஊர். 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து நூல்தான் ஊரின் பேர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி. ஆனால் இத்தனை ஆலை இருந்தும் இலவம்பஞ்சுக்கு அங்கே வேலை இல்லை. அதற்கான இடம் மெத்தையும் தலையணையும்தான். அதனால் சேத்தூர், தேவதானம் தொடங்கி வத்திராயிருப்பு வரைக்கும் அடிவாரத்து உழவர்கள் காயை மரத்தோடு குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறோம். தேனி மாவட்டத்துப் போடி இந்தப் பஞ்சு வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். உடைத்து, கொட்டை எடுத்து, தைத்து விற்கிறவர்களுக்குத்தான் அதில் வருமானம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு மெத்தை புதிதல்ல. ஆண்டாளின் திருப்பாவையில் 19ஆம் பாசுரத்தில் ஐவகைப் படுக்கை ஒன்று வருகிறது. குளிர்ச்சி, மென்மை, வெண்மை போன்ற ஐந்து குணங்கள் என்று சிலர் பொருள் சொல்வார்கள். ஐந்து பொருள்களால் ஆனது என்று சொல்பவர்கள் அன்னத்தின் தூவியோடு இலவம்பஞ்சையும் அதில் சேர்ப்பார்கள். அது நம் காட்டு முள்ளிலவாக இருக்கும். சிவப்புப் பூ பூக்கிற மரம். இப்போது தோப்புகளில் நாம் வைத்திருப்பது பெரும்பாலும் வெள்ளைப் பூ பூக்கிற, வெளியிலிருந்து வந்த இலவம். பச்சைத் தண்டும் அடுக்கடுக்காக நீட்டிய கிளையுமாக நிற்கும். இரவில் பூக்கும், வௌவால் வந்து தேன் குடித்து மகரந்தம் சேர்க்கும். மருந்து அடிக்க வேண்டியதில்லை, தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. இயற்கை வேளாண்மை என்று நாம் பாடுபட்டுச் செய்வதை அது தானாகச் செய்துகொண்டு நிற்கிறது.

பஞ்சு எடுத்த விதம்

காய் பழுப்பு நிறமாகி, வெடிப்பதற்கு முன் பறிக்க வேண்டும். எங்கள் பக்கம் பங்குனி, சித்திரை. பச்சையாகப் பறித்தால் பஞ்சு மங்கிப் பிசுபிசுக்கும். வெடித்த பிறகு போனால் பஞ்சு காற்றோடு போய்விடும், கீழே விழுந்ததில் மண் ஒட்டும். இலவு காத்த கிளி என்று சும்மாவா சொன்னார்கள்!

மரம் ஏறும்போது கவனம் வேண்டும். இலவங்கிளை லேசாக முறியும். கிளையில் நின்று பறிக்காதீர்கள். நீளத் தொரட்டியால் தரையில் நின்று பறிப்பதுதான் பாதுகாப்பு.

பறித்த காயை நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயப்போட்டோம். மேலே பழைய மீன்வலையைப் போர்த்தி வைத்தோம், வெடித்தாலும் பறக்காமல் இருக்க. அப்புறம் காற்று வராத அறையில் ஓட்டை உடைத்து, நடுத்தண்டை எடுத்துப் போட்டு, பஞ்சைக் கொட்டையோடு பெரிய கூடையில் போட்டு, குறுக்குக் குச்சி செருகிய கம்பால் மோர் கடைகிற மாதிரி கடைந்தோம். கொட்டை கனம். கீழே இறங்கிவிடும். பஞ்சு மேலே பொங்கி வரும். மூக்கிலும் வாயிலும் துணி கட்டாமல் இந்த வேலையைச் செய்யக்கூடாது. இழைத்தூசி நெஞ்சுக்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம். பீடி, அடுப்பு எதுவும் அருகில் கூடாது. இலவம்பஞ்சு பொறி பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

காய்ந்த காயின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் பஞ்சு. மிச்சம் ஓடும் கொட்டையும். எதையும் தூக்கிப் போட வேண்டாம். கொட்டையில் எண்ணெய் உண்டு, ஆட்டக் கொடுக்கலாம். ஓட்டுச் சாம்பலில் சாம்பல் சத்து அதிகம், தென்னைக்குப் போட்டேன். ஒரு எச்சரிக்கை: இலவங்கொட்டை சிதறிக் கிடந்தால் பருத்தியைத் தாக்குகிற சிவப்பு நாவாய்ப்பூச்சி அதில் தங்கிப் பெருகும். பக்கத்தில் பருத்தி போட்டிருப்பவர்கள் கொட்டையைக் கூட்டி அள்ளிவிட வேண்டும்.

மெத்தை செய்த விதமும் கணக்கும்

ஹோட்டல் மெத்தையின் ரகசியம் கெட்டி அடி, மெது மேல் என்று சொன்னேன் அல்லவா? அதையே நம் பொருளில் செய்தோம். அடியில் 4 அங்குலம் ரப்பர் பால் தெளித்து அழுத்திய தேங்காய் நார் மெத்தை. அதை மட்டும் கடையில் வாங்கினேன். அதன் மேல் 4 அங்குலம் இலவம்பஞ்சு மெத்தை. ஐந்துக்கு ஆறரை அடிக்கு 14 கிலோ பஞ்சு பிடித்தது. எனக்கு 5 மரத்துக் காய் போதுமானதாக இருந்தது. மரத்தைப் பொறுத்து இது மாறும்.

மெத்தைத் துணி நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும். கோடு போட்ட கெட்டித் துணி கடையில் கிடைக்கும். லேசான துணியில் அடைத்தால் இழை கசிந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். பாய் அடைத்து முடித்ததும் சாண் இடைவெளியில் குத்துத்தையல் போட்டு முடிச்சு வைத்தார். பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க அது முக்கியம்.

என் செலவு இது:
காய் பறிக்கக் கூலி 1,400 ரூபாய்.
உடைத்துக் கொட்டை எடுக்கக் கூலி 2,000.
மெத்தைத் துணி 1,400.
தையல், அடைப்புக் கூலி 1,200.
இந்த 5 மரத்துக் காயையும் குத்தகைக்குக் கொடுத்திருந்தால் வந்திருக்கக்கூடிய பணம் 1,500. இதையும் செலவாகத்தான் வைக்க வேண்டும்.
அடியில் போட்ட நார் மெத்தை 7,000.
ஆக மொத்தம் 14,500 ரூபாய்.

கடை விலையில் ஏறத்தாழ பாதி. உங்கள் ஊரில் கூலியும் விலையும் வேறாக இருக்கும். ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். சொந்த மரம் இல்லாதவர்கள் கொட்டை நீக்கிய பஞ்சாகவே வாங்கலாம், செலவு கூடும். அப்போது கலப்படம் பார்க்க வேண்டும். ஆலைக் கழிவுப் பஞ்சையும் பழைய மெத்தைப் பஞ்சையும் கலந்து விற்பதுண்டு. ஒரு பிடி எடுத்துத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிசைந்து விடுங்கள். இலவம் மறுபடி மேலே வந்து மிதக்கும். பருத்தி நனைந்து கனத்துவிடும். பாலியெஸ்டர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, துளி பஞ்சைத் தனியே எடுத்துப் போய் வெளியில் கொளுத்துங்கள். இலவம் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணி மாதிரி உருளும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன்

இலவ மெத்தை நாளாக ஆக அமுங்கும். 15 நாளுக்கு ஒருமுறையாவது வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். அப்போது திரும்ப உப்பும். இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை பிரித்து, பஞ்சை உதறி, குறைந்ததைச் சேர்த்து மறுபடி தைக்க வேண்டும். தண்ணீரில் துவைக்க முடியாது. மாடி வீட்டில் தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு இந்தத் தூக்கல் வேலை சிரமம். படுக்கையில் சிறுநீர் போகிற பிள்ளைகள், நோயாளிகள் இருந்தால் மேலே ரப்பர் விரிப்பு இல்லாமல் ஆகாது. கைக்குழந்தையை இந்த மெத்தையில் குப்புறப் போடவே கூடாது. கைக்குழந்தைக்கு எப்போதும் கெட்டியான, சமமான படுக்கைதான் பாதுகாப்பு. கடுமையான முதுகுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடையில்தான் வாங்குவோம் என்றால்

அதிலும் தவறில்லை. ஆனால் கேட்டு வாங்குங்கள்.

கட்டிலின் உள்ளளவை அங்குலத்தில் அளந்துகொண்டு போங்கள். ஐந்துக்கு ஆறரை என்றால் 60க்கு 78. கடைகளில் 72, 75, 78 என்று மூன்று நீளம் வைத்திருப்பார்கள்.

மெத்தையின் பெயரைக் கேட்காதீர்கள், உள்ளே இருக்கிற அடுக்குகளைக் கேளுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், போம் என்றால் என்ன அடர்த்தி என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். 8 அங்குல மெத்தையில் மேல் அரை அங்குலம் மட்டும் மெமரி போமாக இருக்கும். பெயர் முழு மெத்தைக்கும் போய்விடும்.

உத்தரவாதம் எத்தனை வருசம் என்பதை விட, எவ்வளவு ஆழம் குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்று படியுங்கள். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

'ஆர்கானிக்' என்று போட்டிருந்தால் நாம் சும்மா விடக்கூடாது. நம் விளைபொருளுக்குச் சான்று கேட்கிறார்கள் அல்லவா, நாமும் கேட்போம். பருத்திக்கு 'காட்ஸ்' என்ற சான்று உண்டு, ரப்பர் லேட்டக்ஸுக்கு 'கோல்ஸ்' உண்டு. பல நேரம் மேலுறைத் துணிதான் ஆர்கானிக் பருத்தி, உள்ளே அதே போம். சான்று எந்த அடுக்குக்கு என்று கேளுங்கள்.

கடையில் போய்க் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிசம் படுங்கள். வெட்கப்பட்டால் பத்து வருசம் முதுகு பேசும்.

கல்யாணமும் கடந்தது

சீர் இறக்கிய அன்று எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். சம்பந்தியம்மா மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன கம்பெனிண்ணே இது?" என்று கேட்டார்கள். "நம்ம தோப்புப் பஞ்சு மதினி" என்றேன். பக்கத்தில் நின்ற அவர்கள் மாமியார், வயசானவர்கள், மெத்தை மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். "எங்க காலத்துல இதுதான. இதைச் செய்றதுக்கு இப்ப ஆள் இருக்கா?" என்று கேட்டார்கள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

மகளிடம் ஆடி மாசம் கேட்டேன். நல்லாத் தூக்கம் வருது, ஆனால் நடுவில் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது என்றாள். வெயிலில் போட்டாயா என்றால் இல்லை. மாப்பிள்ளையும் அவளும் சேர்ந்து மாடிக்குத் தூக்கிப் போய் ஒரு நாள் காயவைத்த பிறகு சரியாகிவிட்டதாம். ஹோட்டலில் அந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கிறது, வீட்டில் நாம்தான் ஆள்.

மர வியாபாரி திரும்ப வந்தார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த பங்குனிக்கு மிச்ச மரங்களின் காயையும் குத்தகைக்கு விடாமல் நாங்களே உடைப்பதாக முடிவு. அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் நாலு பேரிடம் பேசியிருக்கிறேன். ஒரு அறை, ஒரு வலை, கடைகிற ஆள், தைக்கிற பாய், இவ்வளவுதான் முதலீடு. முதலில் தலையணையில் தொடங்கலாம் என்று பாய் சொல்கிறார். ஒரு தலையணைக்கு ஒரு கிலோ பஞ்சு கூட வேண்டாம், தவறினாலும் நட்டம் சின்னது. உங்கள் வேலியில் இலவ மரம் நின்றால், காய் வெடிப்பதற்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.